நடுவில் நின்ற புள்ளி

மார்ச் 3, செவ்வாய்

படம் இன்றும் சரியாக வரவில்லை. வந்தது என்னவோ வந்தது, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திரையில் ஒட்டிவைத்த மாதிரி வந்தது. அதைப் பார்த்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. திரையைத் துடைக்கலாமா என்று வேண்டுமானால் கேட்கலாம்.

திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயரை எழுத வேண்டாம், வாயைத் திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு பிடிவாதமான கிருமி கொஞ்ச காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்களின் புண்ணில் வருகிறது. ஒரு வார்டைக் கழுவி முடித்தால் அடுத்த வார்டில் தலைகாட்டுகிறது. யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்று படம் போட்டுக் காட்டச் சொல்லி எங்கள் கம்பெனியிடம் வந்தார்கள். கம்பெனி என்றால் மூன்று பேர். அதில் படம் போடுகிறவள் நான்.

நோயாளி ஒரு புள்ளி, நர்ஸ் ஒரு புள்ளி, டாக்டர் ஒரு புள்ளி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே வார்டில் இருந்திருந்தால் இடையில் ஒரு கோடு. நோயாளி எந்தக் கட்டிலில் இருந்தார் என்பது ஆஸ்பத்திரிக் கணினியில் இருக்கிறது. வேலை பார்ப்பவர்கள் எந்த வார்டில் இருந்தார்கள் என்பது கதவில் தட்டுகிற அடையாள அட்டையிலிருந்து வருகிறது. புள்ளி மூவாயிரத்துச் சொச்சம், கோடு நாலு லட்சத்துக்கு மேல். மவுஸால் ஒரு புள்ளியைத் தொட்டால் திரை யோசித்து, பெருமூச்சு விட்டு, பிறகுதான் அசைகிறது. எனக்கும் இப்போதெல்லாம் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் சௌந்தர் வத்தக்குழம்பு வைத்திருந்தார். லீவில் இருப்பதால் சமையல் அவர் கையில். உப்பு தூக்கல். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

மார்ச் 5, வியாழன்

வார்டுகளைச் சுற்றிக் காட்ட ஜெயசீலி என்கிற நர்ஸை அனுப்பினார்கள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எந்த வார்டில் ஆள் குறைகிறதோ அங்கே ஓடுவதுதான் அவர் டியூட்டி. காலையில் ஐந்தாவது மாடி, சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது மாடி. "எனக்குன்னு ஒரு வார்டு கிடையாது மேடம், எல்லாரும் கூப்பிடுவாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அட்டை கிடையாது என்பதால் எல்லாக் கதவையும் அவர் அட்டையைத் தட்டித்தான் திறந்தார். ஒரு கதவில் நாங்கள் நுழையப் போகும்போது டாக்டர் ஒருவர் போனில் பேசிக்கொண்டே வந்து நின்றார். ஜெயசீலி தட்டி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் உள்ளே போனார். நன்றி சொன்ன மாதிரி தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. காட்டூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். முட்டி வலிக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

நாலு லட்சம் கோட்டையும் ஒரே நேரத்தில் இழுத்துப் பார்த்தேன். கணினி படுத்துவிட்டது. நானும் படுக்கப் போகிறேன்.

மார்ச் 9, திங்கள்

ஹரிஷ் வந்து பின்னால் நின்று பார்த்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், ஆனால் முதலாளி. "அக்கா, இதைக் காட்டினா அவங்க ஓடிப்போயிடுவாங்க. பார்த்தவுடனே ஏதாவது புரியணும். படம் பேசணும்க்கா."

பேச வைத்தேன். ஒரு ஸ்லைடர் போட்டேன். அதை வலது பக்கம் தள்ளத் தள்ள, கொஞ்ச நேரம் மட்டும் சேர்ந்து இருந்தவர்களின் கோடுகள் மறையும். நெடுநேரம் சேர்ந்து இருந்தவர்களின் கோடுகள் மட்டும் நிற்கும். பாதிக்கு மேல் தள்ளியதும் கம்பி நார் பிரிந்தது. வார்டு வார்டாகப் புள்ளிகள் ஒதுங்கின. ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு நிறம் கொடுத்தேன். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எல்லா வார்டுக்கும் நடுவில் ஒரே ஒரு புள்ளி தனியாக நின்றது. இந்த மாதிரிப் படத்தில் கோடு தன் இரு முனைப் புள்ளிகளையும் கிட்டே இழுக்கும், புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளும். எல்லாப் பக்கத்திலிருந்தும் இழுபடுகிற ஆள் நடுவில்தான் போய் நிற்பார், வேறு எங்கும் போக முடியாது. அதற்கு வேறு அர்த்தம் ஒன்றும் இல்லை. இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அந்தப் புள்ளி யார் என்று தொட்டுப் பார்க்கவில்லை. நேரமில்லை. கேஸ் சிலிண்டர் வருகிற நாள்.

மார்ச் 11, புதன்

இன்று காட்டிவிட்டோம். பெரிய டாக்டர், அதாவது ஆஸ்பத்திரியின் தலைவர் தணிகாசலம், நர்ஸ்களுக்கு மேலதிகாரியான மேட்ரன் அம்மா, இன்னும் நாலைந்து பேர். ஸ்லைடர் முழுவதும் இடது பக்கம் இருந்தபோது எல்லோரும் காபியைப் பார்த்தார்கள். ஹரிஷ் மெதுவாக வலது பக்கம் தள்ளினான். வார்டுகள் பிரிந்து நின்றதும் பெரிய டாக்டர் காபியைக் கீழே வைத்தார்.

"நடுவுல யாருங்க அது?"

ஹரிஷ் தொட்டான். தொட்டால் புகைப்படத்தோடு பெயர் வரும்படி நான்தான் செய்திருந்தேன். ஜெயசீலியின் முகம் திரையில் பெரிதாக வந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த படம், எண்ணெய் வைத்து வாரி, கொஞ்சம் பயந்த மாதிரி.

பெரிய டாக்டர் மேட்ரனைப் பார்த்து, "இவ்ளோ நாளா நாம தரையைக் கழுவிட்டு இருந்திருக்கோம்" என்றார். ஹரிஷ் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். நடுவில் இருப்பதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

மார்ச் 12, வியாழன்

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். சௌந்தரே பிரித்துச் சரிசெய்தார். லீவு ஒரு விதத்தில் நல்லதுதான்.

மார்ச் 13, வெள்ளி

ஜெயசீலியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மூக்கிலும் கையிலும் பஞ்சு வைத்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, திரையில் அந்தப் படத்தையும் காட்டினார்களாம். மேட்ரன் போனில் சொன்னதை ஹரிஷ் உற்சாகமாக எனக்குச் சொன்னான். சென்னையில் இன்னொரு ஆஸ்பத்திரி இதே மாதிரிப் படத்தைக் கேட்கிறதாம். எல்லோருக்கும் பஃப்ஸ் வாங்கி வந்தான். முட்டை பஃப்ஸ். சாப்பிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

சோதனை முடிவு வந்துவிட்டது. ஜெயசீலியிடம் கிருமி இல்லை.

அப்பாடா என்று உட்கார்ந்தால், பெரிய டாக்டர் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லிவிட்டாராம். ஒரு முறை வராவிட்டால் இல்லை என்று அர்த்தமா, படத்தைப் பாருங்கள் என்றாராம். இரண்டாவதில் வராவிட்டாலும் கணக்கை முடித்து அனுப்பிவிடுவது நல்லது, மற்ற நர்ஸ்கள் அவரோடு சேர்ந்து வேலை பார்க்கப் பயப்படுகிறார்கள் என்று மேட்ரன் சொன்னாராம். வருகிற 24ஆம் தேதி கூட்டத்தில் முடிவு செய்வார்கள்.

ஹரிஷிடம் கேட்டேன். "நடுவுல இருந்தா அவங்கதான் பரப்பினாங்கன்னு அர்த்தமில்லன்னு நாம சொல்ல வேண்டாமா?"

"அக்கா, நாம படம்தானே போட்டோம்? முடிவு அவங்க எடுக்கறாங்க. உங்களுக்கு மனசு கேக்கலன்னா உதவிப் பக்கத்துல ஒரு வரி எழுதி வெச்சிடுங்க."

எழுதி வைத்தேன். 'புள்ளி இருக்கும் இடத்துக்குத் தனிப்பொருள் இல்லை.' உதவிப் பக்கத்தை இதுவரை யாரும் திறந்ததில்லை. இருந்தாலும் என் கடமை முடிந்தது.

மார்ச் 18, புதன்

ஏதோ நிறம் மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டதால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்றாவது மாடி வார்டுக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன், அட்டை இல்லாதவள் வேறு எங்கே நிற்பது. யாராவது திறந்தால் பின்னாலேயே போகலாம் என்று பார்த்தால், காலை ரவுண்ட்ஸ் வந்தது. முன்னால் பெரிய டாக்டர், பின்னால் ஏழெட்டு டாக்டர்கள். கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் எல்லோரும் நின்றார்கள். கை எல்லோருக்கும் காலியாகத்தான் இருந்தது. ஒருவர் கையும் சட்டைப் பைக்குப் போகவில்லை. உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் ஓடி வந்து தன் அட்டையைத் தட்டினார். கதவைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேரும் ஒரே அட்டையில் உள்ளே போனார்கள்.

இங்கே அதுதான் மரியாதை. டாக்டர் கதவு திறக்க மாட்டார்.

நிறத்தை மாற்றாமலேயே அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டேன். பெரிய டாக்டரின் புள்ளியைத் தேடினேன். படத்தின் ஓரத்தில், ஒரு கோடுகூட இல்லாமல், குளித்துத் திருநீறு பூசிய மாதிரி சுத்தமாக உட்கார்ந்திருந்தது. அவர் அட்டை கார் நிறுத்துமிடத்தில் மட்டும்தான் தட்டப்பட்டிருக்கிறது. ரவுண்ட்ஸ் போன டாக்டர்கள் எல்லோரும் ஓரத்தில்தான் இருக்கிறார்கள். ஒருவர்கூட நோயாளியைப் பார்த்ததாகப் பதிவே இல்லை. அத்தனை கதவுகளும் ஜெயசீலி மாதிரி நாலைந்து பேர் கணக்கில் ஏறியிருக்கின்றன. டாக்டர்கள் வெறுமனே ஓரத்தில் கிடக்கிறார்களே என்று முதல் நாளே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எத்தனை வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

தலைவலி. சௌந்தர் தைலம் தேய்த்துவிட்டார்.

மார்ச் 19, வியாழன்

சும்மா பார்க்கலாம் என்றுதான் செய்தேன். எந்த வார்டுக்கு எந்த நேரத்தில் யார் ரவுண்ட்ஸ் வருவார் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தைச் சேர்த்து, டாக்டர்களுக்கும் கோடு கொடுத்து, அவர்களுக்குக் கதவு திறந்துவிட மட்டும் தட்டியதை நர்ஸ்கள் கணக்கிலிருந்து கழித்து, படத்தை மறுபடி ஓட்டினேன். புள்ளிகள் கொஞ்ச நேரம் தள்ளுமுள்ளு போட்டன. ஜெயசீலி நடுவிலிருந்து மெல்ல விலகி, மற்ற நர்ஸ்களோடு போய் நின்றார். ஓரத்திலிருந்து ஒரு புள்ளி கிளம்பி வந்து அவர் இடத்தில் நின்றது.

தொட்டுப் பார்த்தேன். கோட்டு சூட்டோடு பெரிய டாக்டர்.

மூடிவிட்டேன். இதை யாரிடமும் காட்டப் போவதில்லை. வேறு பெயரில் சேமித்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சௌந்தருக்கு நாமக்கல் கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை. கரூரில் ஆள் எடுத்துவிட்டார்களாம். லீவு இன்னும் கொஞ்சம் நீளும்.

மார்ச் 21, சனி

ஜெயசீலி வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் தெரியாது. மேட்ரனிடம் முகவரி வாங்கினேன், சௌந்தர் வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியிலேயே நின்றார். பாலக்கரையில் ஒரு சந்து. கீழே மாமியார் வீடு, மாடியில் ஒற்றை அறை. ஜெயசீலி மாடி அறையில் இருந்தார். கதவுக்கு உள்ளேயே நின்று பேசினார், என்னைக் கிட்டே வரவிடவில்லை.

"அங்கயே இருங்க மேடம். உங்களுக்கு எதுக்கு வம்பு?"

கைகள் இரண்டும் சிவந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. மருந்துத் தண்ணீரில் கழுவிக் கழுவி அப்படி ஆகியிருக்கிறது. கீழே ஒரு குழந்தை அழுதது. இரண்டு வயது இருக்கும், பெண். மாமியார் இடுப்பில் இருந்துகொண்டு மாடியைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுதது.

"உங்க பாப்பாவா?"

"ஷைனி. அன்னிக்கு வீட்டுக்கு வந்ததிலிருந்து தொடல மேடம். வீட்டுக்காரர் கோயம்புத்தூர்ல இருக்காரு, அத்தைதான் பார்த்துக்கறாங்க. நான் மேல தனியா இருந்துக்கறேன். அவளுக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. என்னால அவளுக்கு ஏதாச்சும் வந்துடுச்சுன்னா?"

"முதல் டெஸ்ட்லதான் ஒண்ணும் இல்லன்னு வந்திருக்கே."

"டெஸ்ட்ல வரல. ஆனா படத்துல நானே என் கண்ணால பார்த்தேனே மேடம். எல்லா வார்டுக்கும் என்கிட்டேருந்துதான் கோடு போகுது. அந்த நாலாவது மாடித் தாத்தா, புண்ணுல கிருமி வந்து ஒரு காலை எடுத்தாங்களே, அவருக்கும் என்கிட்டேருந்து கோடு இருக்கு. அவரு என்னை மகளேன்னுதான் கூப்பிடுவாரு."

"அது வெறும் படம்ங்க. நம்பாதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "நீங்கதானே மேடம் போட்டீங்க?"

குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. ஜெயசீலி மாடிக் கைப்பிடிவரை வந்து, "அம்மா நாளைக்கு வர்றேண்டி தங்கம்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கையைக் கழுவினார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அதை எழுதிவிடுவது நல்லது.

மார்ச் 22, ஞாயிறு

சாப்பிட்டு முடித்ததும் சௌந்தர் தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் படத்தைக் காட்டிடு வாசுகி."

"எந்தப் படத்தை?"

"வேற பேருல வெச்சிருக்கறதை. தூக்கத்துல உளறுற."

"காட்டினா என் வேலை போயிடும்."

"போகும்தான். எனக்கு வேலை போயிடுச்சு, உனக்கும் போயிடுமோன்னுதானே வாயை மூடிட்டு இருக்க? என்னைச் சாக்கா வெச்சுக்காத. அந்தப் பிள்ளை அழுதது கீழ நின்ன எனக்கும் கேட்டுச்சு."

வேலை போய்விட்டது என்று இந்த வீட்டில் முதன்முதலாக இன்றுதான் சத்தமாகச் சொன்னது. லீவு, லீவு என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லி, இதிலும் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அதே அறை, அதே ஆட்கள், அதே காபி. ஜெயசீலியின் இரண்டாவது சோதனையிலும் கிருமி இல்லை என்று மேட்ரன் படித்தார். பெரிய டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, "சரி, எதுக்கும் அந்தப் படத்தை இன்னொரு தடவை போடுங்க, முடிவு பண்ணிடலாம்" என்றார். ஹரிஷ் என்னிடம் மவுஸைக் கொடுத்தான். நான் வேறு பெயரில் வைத்திருந்ததைத் திறந்தேன்.

முதலில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதே நிறங்கள், அதே வார்டுகள், நடுவில் ஒரு புள்ளி. நான் அதைத் தொட்டேன். பெரிய டாக்டரின் முகம் பெரிதாக வந்தது.

மேட்ரன் காபியை உறிஞ்சாமல் நிறுத்தினார். ஹரிஷ் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

"என்ன இது?" என்றார் பெரிய டாக்டர்.

"ரவுண்ட்ஸ் வரும்போது கதவை நர்ஸ்தான் சார் திறக்கறாங்க. அவங்க கார்டு மட்டும்தான் பதிவாகுது. டாக்டருங்க யாருமே உள்ள போனதா கணக்குல இல்ல. பலகையில போட்டிருக்கற ரவுண்ட்ஸ் நேரத்தைச் சேர்த்தேன். இப்படி வருது."

"அதனால? நான்தான் கிருமியைப் பரப்பறேன்னு சொல்ல வர்றீங்களா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏம்மா, நான் தினமும் எல்லா வார்டுக்கும் போறவன். எல்லா நோயாளியையும் பார்க்கறவன். படத்துல நடுவுல நிக்காம வேற எங்க நிப்பேன்? எங்க கூப்பிட்டாலும் போறவன் நடுவுலதான் இருப்பான். நடுவுல இருக்கறதும் தப்பு பண்றதும் ஒண்ணா? இதுகூடத் தெரியாமயா நீங்க படம் போடறீங்க?"

இந்த ஊரில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. நான் இரண்டு வாரமாகச் சொல்ல முடியாமல் தவித்ததை அவரே சொல்லிவிட்டார்.

"ஆமாம் சார்" என்றேன். "ஜெயசீலி சிஸ்டருக்கும் அதேதான்."

பெரிய டாக்டர் நின்றபடியே திரையைப் பார்த்தார். அவர் முகமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு உட்கார்ந்தார். காபியை ஒரு வாய் குடித்தார், ஆறிப்போயிருக்கும்.

"அந்தப் பொண்ணுக்கு ரெண்டு தடவையும் இல்லன்னுதானே வந்துச்சு?" என்று மேட்ரனிடம் கேட்டார்.

"ஆமாங்க சார்."

"நாளையிலேருந்து டியூட்டிக்கு வரச் சொல்லுங்க. டாக்டருங்க எல்லாரும் அவங்கவங்க கார்டைத் தட்டித்தான் உள்ள போகணும். நானும்தான். எல்லாருக்கும் டெஸ்ட் எடுங்க, என்னையும் சேர்த்து." பிறகு என் பக்கம் திரும்பாமல் ஹரிஷிடம், "அடுத்த தடவை வேற யாரையாவது அனுப்புங்க தம்பி" என்றார்.

மனுஷன் கெட்டவர் இல்லை. கிருமி எங்கிருந்து வருகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. படத்துக்கும் தெரியாது.

லிஃப்டில் ஹரிஷ் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே வந்ததும், "கொஞ்ச நாள் வீட்டுல ரெஸ்ட் எடுங்கக்கா, நானே கூப்பிடறேன்" என்றான். கூப்பிட மாட்டான் என்று இருவருக்கும் தெரியும். எனக்கும் இனி லீவு.

மார்ச் 25, புதன்

காலையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஜெயசீலி கூப்பிட்டார். மேட்ரன் அப்போதுதான் சொல்லியிருக்கிறார். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவர் நன்றி சொல்லவில்லை.

"மேடம், அப்ப நான் இல்லைங்களா?"

"நீங்க இல்ல சிஸ்டர்."

"நிஜமாவா? கோடெல்லாம் இருந்துச்சே?"

"கோடு இருந்துச்சு. நீங்க எல்லா வார்டுலயும் வேலை பார்த்தீங்க, அதுக்குத்தான் அந்தக் கோடு. வேற ஒண்ணுமில்ல. ரெண்டு டெஸ்ட்லயும் இல்லன்னு வந்துடுச்சு."

மிகச் சின்னக் குரலில் கேட்டார். "அப்ப பாப்பாவைத் தூக்கலாமா மேடம்?"

நான் டாக்டர் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். டாக்டர் இல்லாத ஒருத்தி போட்ட படத்தை நம்பித்தானே இத்தனை நாளும் அவர் பெற்ற பிள்ளையைத் தொடாமல் இருந்தார்.

"தூக்குங்க. இப்பவே போய்த் தூக்குங்க."

போனை எங்கோ வைத்துவிட்டு ஓடினார், நிறுத்த மறந்துவிட்டார். மாடிப்படியில் இறங்கும் சத்தம் கேட்டது. மாமியார் என்னவோ கேட்டார். பிறகு குழந்தை கத்தியது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை. ஜெயசீலி அழுதது மட்டும் தெளிவாகக் கேட்டது. நான் கத்தியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நின்றேன். என்னாச்சு என்று சௌந்தர் வந்து கேட்டார். நானும் அழுதுகொண்டிருந்தேன்.